சட்டைப்பையில் ஒரு காது

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி, அதிலிருந்து மேலே ஏறும் மெல்லிய வயர், வயரின் நுனியில் காதுக்குள் பொருந்தும் ஒரு குமிழ். சட்டைப்பையில் வைத்துப் பாவிக்கும் இந்தக் காது கேட்கும் கருவியை நம்மில் பலர் கண்டிருப்போம். இன்று காதுக்குப் பின்னால் வைக்கும் சிறிய கருவிகளே பெரும்பாலும் கொடுக்கப்படுகின்றன. ஆயினும் பழைய கருவி ஒன்று உங்கள் வீட்டில் 'பழுது' என்று கிடந்தால், அதை எறிவதற்கு முன் இதை வாசியுங்கள். இடம்பெயர்ந்து வந்த குடும்பத்தில் காது கேளாத பெரியவர் கூட்டத்திலும் பேசமாட்டார், கடையிலும் பேசமாட்டார். நாளடைவில் காணி, கடன், கலியாணம் எல்லாம் அவரைக் கேளாமலே முடிவாகிவிடும்.

கருவி வேலை செய்யும் முறை ஒலிபெருக்கியின் முறைதான். பெட்டியின் மேற்புறத்தில் சிறு துளைகளுக்குள் மைக் இருக்கிறது. அது ஒலியை மின்சாரமாக மாற்றும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அந்த மின்சாரத்தைப் பெருக்கும். அது வயர் வழியாகக் காதுக் குமிழுக்குப் போய் மீண்டும் ஒலியாகும்.

டிரான்சிஸ்டர் என்றால் நமக்கு றேடியோதான் நினைவுக்கு வரும். ஆனால் 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தச் சிறு பொருள், கடையில் விற்கும் சாமானாக முதலில் வந்தது 1952இல், சோனோடோன் என்ற காது கேட்கும் கருவியில். டிரான்சிஸ்டர் றேடியோ 1954இல்தான் வந்தது. அதற்கு முந்திய கருவிகள் வெற்றிடக் குழாய்களால் இயங்கின. 1948 முதல் பிரித்தானிய அரசு இலவசமாகக் கொடுத்த மெட்றெஸ்கோ கருவிக்குப் பற்றரிகளைத் தனிப் பொதியாகச் சுமக்க வேண்டியிருந்தது. இந்தியாவில், 1972இல் நிறுவப்பட்ட கான்பூர் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகமும் சட்டைப்பைக் கருவிகளைச் செய்தது.

பெட்டியை ஏன் நெஞ்சில் வைக்க வேண்டும்? மைக்கும் காதுக் குமிழும் கிட்ட இருந்தால், குமிழின் சத்தம் மைக்குக்குள் திரும்பப் புகுந்து 'கீ' என்று விசிலடிக்கும். ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைப் பிடித்தால் வருகிற அதே கூச்சல்தான். நெஞ்சுக்கும் காதுக்கும் இடையில் ஒரு முழத்துக்குக் கிட்டிய தூரம் இருப்பதால் சத்தத்தை நன்றாகக் கூட்டலாம். கடுமையாகக் காது கேளாதவர்களுக்கு இது நெடுங்காலம் கைகொடுத்தது இதனால்தான். இன்னொரு நன்மையும் உண்டு. மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கும் இதன் திருகு அகப்படும். பென்டோர்ச் பற்றரி ஊர்க்கடையிலேயே கிடைக்கும். புதிய கருவியின் பொத்தான் பற்றரியை மணலில் விழுத்தினால் தேடிப் பார்க்கத்தான் வேண்டும்!

குறைகளும் உண்டு. சட்டைத் துணி உரசினால் காதுக்குள் புயல் அடிப்பதுபோல் இருக்கும். பின்னால் நிற்பவரின் பேச்சை உடம்பே மறைத்துவிடும். ஆகவே இவரோடு முன்னால் வந்து நின்று பேசுங்கள். சத்தம் எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதும் விளங்காது. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு காதுக்கும் வயர் போட்டாலும் இரண்டிலும் ஒரே சத்தம்தான் வரும். வீதியில் லொறி வரும் திசையைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எத்தாளை போன்ற கரையோர ஊரில் இதற்குப் பெரிய எதிரிகள் மணலும் உப்புக் காற்றும் வியர்வையும். மிளகாய்க்கு மருந்தடிக்கும்போது கருவியை வீட்டில் கழற்றி வைப்பது நல்லது. பல நாள் பாவிக்காவிட்டால் பற்றரியை வெளியே எடுத்துவிடுங்கள். பற்றரி கசிந்து உள்ளே பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தகட்டை மெதுவாகச் சுரண்டுங்கள்.

இனிச் சோதிக்கும் முறை. புதிய பற்றரியைக் கூட்டல், கழித்தல் குறி பார்த்துப் போடுங்கள். சுவிச்சை 'எம்' என்ற எழுத்தில் வையுங்கள். அது மைக். 'ரி' என்ற எழுத்து தொலைபேசிக்கு உரியது. சுவிச் அதில் நின்றால் பேச்சு கேட்காது, பிழை கருவியில் இல்லை. குமிழைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சத்தத்தை முழுதாகக் கூட்டி, குமிழை மைக்குக்குக் கிட்டப் பிடியுங்கள். விசிலடித்தால் கருவிக்கு உயிர் இருக்கிறது. வயரை வளைக்கும்போது விசில் விட்டுவிட்டு வந்தால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதும். விசில் ஒழுங்காக வந்தும் பெரியவருக்குக் கேட்கவில்லையானால் காது அச்சைப் பாருங்கள். அதன் ஓட்டை குறும்பியால் அடைபட்டிருக்கலாம். அச்சைக் குமிழிலிருந்து பிரித்து, இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்திப் பூட்டுங்கள். குமிழில் தண்ணீர் படக்கூடாது.

ஒருவருக்குக் கொடுத்த கருவியை மற்றவருக்கு மாட்டிப் பார்க்காதீர்கள். காது அச்சு ஒவ்வொருவரின் காதுக்கும் அளவெடுத்துச் செய்யப்படுவது. பிள்ளைகளுக்குக் காது வளர வளர அதை மாற்றவும் வேண்டும். தேவைக்கு மீறிய சத்தம் மிஞ்சியிருக்கும் கேள்வியையும் கெடுக்கும். காதில் சீழ் வடிந்தால் அச்சைப் போடாமல் முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரியின் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குப் போகும்போது பெட்டியோடு வயரையும் அச்சையும் எடுத்துச் செல்லுங்கள். எப்போது கேட்காமல் போனது, எந்தக் காது, யாருடைய பேச்சு விளங்குகிறது என்பதைப் பெரியவரிடமே கேட்டு ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள்.