வரப்பில் வாழும் பாம்புகள்

எலிச் சேதத்தைக் காரணங் காட்டிப் பயிர்க்கடன் தவணையை நீட்டித்துத் தருமாறு அங்கத்தினர் சிலர் ஆண்டுதோறும் விண்ணப்பிக்கின்றனர். வரப்பில் சாரைப்பாம்பைக் கண்டதும் கழியெடுத்து அடிப்போரும் அவர்களிலே உண்டு. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை போலும்.

சாரை நஞ்சற்றது, இரண்டு மீட்டருக்கு மேலும் வளர்வது. பகலில் இரை தேடும். இளமையில் தவளையையும் பல்லியையும் உண்ணும்; வளர்ந்தபின் எலியை விரும்பித் தின்னும். பாம்பு தானாக வளை தோண்டுவதில்லை. எலி வளையிலும் கரையான் புற்றிலுமே குடிபுகும். ஆகவே எலியின் வீட்டுக்குள்ளேயே சென்று குஞ்சுகளையும் விழுங்க வல்லது அது. பூனைக்கும் ஆந்தைக்கும் அது இயலாது. பெட்டை எலியோ மூன்று வாரச் சினையிலேயே ஒரு ஈற்றுக் குட்டிகளைப் போட்டுவிடும். வளைக்குள் புகுபவரைக் கொன்றுவிட்டு, வளைக்கு வெளியே நஞ்சுச் சோற்றுக்குப் பணம் செலவிடுவது என்ன கணக்கோ! பாம்பை அடிப்பது சட்டப்படியும் குற்றமாகும்.

பாம்பின் ஆயுளைப் பற்றிப் பல கதைகள் உண்டு. கூண்டில் பேணப்பட்ட நல்லபாம்பு இருபது ஆண்டுகளைக் கடந்தும் வாழ்ந்ததுண்டு. வெளியிலே கீரி, மயில், கழுகு, மனிதன் ஆகிய எல்லாருக்கும் தப்பி அவ்வளவு காலம் வாழ்வது அரிது. பால் அதற்கு உணவன்று. புற்றில் வார்க்கும் பால் எறும்புக்கே போகிறது.

எனினும் அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சவே வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் உயிரைப் போக்குபவை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 லட்சம் என மதிப்பிட்டுள்ளனர். கட்டுவிரியன் இரவில் திரிவது. தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் பெரும்பாலும் தோன்றா. விடியலில் வயிற்றுவலி கண்டு, இமைகள் சரியத் தொடங்கினால், மந்திரிப்பவரிடம் ஓடாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. நெசவாளர்க்கும் ஒரு வார்த்தை: பாவுக்கு இடும் கஞ்சி எலியை அழைக்கும், எலியின் பின்னே பாம்பு வரும். காலையில் தறிக்குழியில் கால் வைக்குமுன் விளக்கைக் காட்டிப் பார்த்துக் கொள்க.

இந்நான்கின் நஞ்சைக் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் குருதியிலிருந்தே மாற்று மருந்து ஆக்குகின்றனர். அந்நஞ்சைத் திரட்டித் தருவதில் முன்னிற்பது நம்மைப் போன்ற ஒரு கூட்டுறவுச் சங்கமே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், பாம்புத் தோல் வாணிபத்தால் பிழைத்த இருளர்கள் தொழிலிழந்தனர். 1978இல் அவர்கள் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். அது மாமல்லபுரத்திற்கு அருகே வடநெம்மேலியில் இயங்குகிறது. அங்கத்தினர் பிடித்துவரும் பாம்பைப் பானையிலிட்டுக் காத்து, வாரம் ஒருமுறையாக நான்கு முறை நஞ்செடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். விடுமுன் வயிற்றுச் செதிலில் அடையாளமிடுவர். மீண்டும் பிடிபட்டால் அது பழைய பாம்பென்று தெரிந்துகொள்வதற்காக.