செந்நீர் சுழலும் வகை

தமிழில் இரத்தத்துக்குப் பெயர்கள் பல. குருதி, உதிரம், சோரி, நெய்த்தோர், செந்நீர், புண்ணீர் என அவை விரியும். இவற்றுள் பொருள் எளிதில் விளங்குவன ஈற்றில் நின்ற இரண்டு. செந்நீர் என்பது நிறம் பற்றி வந்தது. புண்ணீர் என்பது அது வெளிப்படும் இடம் பற்றி வந்தது. இரண்டும் உடம்பை விட்டு வெளியே வந்த இரத்தத்தைக் கண்டோர் இட்ட பெயர்களே. உள்ளிருந்து அஃது யாது செய்கின்றது என்பதை இவ்விரண்டும் சொல்லவில்லை. இதனை நம் முன்னோர்க்கு ஒரு குறையாகக் கொள்ளற்க. 1628-ஆம் ஆண்டுவரை எந்நாட்டு மருத்துவரும் அதன் முழுவழியை மெய்ப்பித்துக் காட்டினாரல்லர்.

யான் விஞ்ஞானம் பயில்பவன் அல்லேன்; தமிழ் பயிலும் மாணாக்கன். ஆயினும் இப்பொருள் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. ‘உடம்பில் உள்ள இரத்தம் இவ்வளவே, போனது போனதுதான்’ என்னும் எண்ணம் கல்லாரிடத்து மட்டுமின்றிக் கற்றாரிடத்தும் வேரூன்றிக் கிடக்கின்றது. உறவினர் ஒருவருக்கு இரத்தம் வேண்டும் என்று மருத்துவமனையிற் சொல்லக் கேட்டவுடன், உயிரையும் கொடுப்போம் என்று அதுவரை பேசியிருந்தவர்கள் வாயிற்படியை நோக்குவது இவ்வெண்ணத்தாலேயே. இரத்தம் எதனால் ஆயது, எவ்வாறு ஓடுகின்றது என்று அறிந்தால் இவ்வச்சத்துக்கு இடமில்லை என்பதே என் துணிபு.

வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதிற் சிறிதளவை உறையாதபடி மருந்து சேர்த்து ஒரு கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்தால், சில மணி நேரத்தில் அது பிரிந்து நிற்கும். மேலே வைக்கோல் நிறத்துத் தெளிநீர். கீழே செறிந்த செம்படிவு. இடையே மெல்லிய வெண்ணிற ஏடு ஒன்று. மேலுள்ள தெளிநீரே பிளாஸ்மா எனப்படுவது. நூற்றுக்கு 55 பங்கு அதுவே. அதிலும் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர். உப்பும், சர்க்கரையும், புரதங்களும், சிறுநீரகம் கழிக்கவேண்டிய கழிவும் அந்நீரிற் கரைந்து செல்கின்றன. எனவே நம் உடம்பில் ஓடுவதிற் செம்பாதி, நாம் குடித்த தண்ணீரே என்று சொன்னால் அது மிகையாகாது.

அடியிற் படிந்த செம்படிவு செவ்வணுக்களின் திரள். ஒரு கன மில்லிமீட்டரில், அதாவது குண்டூசித் தலையளவான ஒரு துளியில், இவை ஏறக்குறைய 50 இலட்சம் உள்ளன. ஒவ்வொன்றும் இருபுறமும் நடுவிற் குழிந்த வட்டத் தகடு. ஹீமோகுளோபின் என்னும் இரும்பு கலந்த பொருள் இதனுள் நிறைந்திருக்கின்றது. நுரையீரலிற் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதும், வேண்டிய இடத்தில் அதனை விடுவதும் அப்பொருளின் தொழில். செந்நிறமும் அதனால் வந்ததே. இங்கு ஒரு வியப்பைக் கூறாது மேற்செல்ல மனம் ஒருப்படவில்லை. எலும்பின் உட்சோற்றிற் பிறந்து முதிரும்போது, செவ்வணு தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகின்றது. சுமை கொள்ளுதற்கு இடம் வேண்டி, வீட்டுக்காரனே வீட்டை விட்டு நீங்கியதை ஒக்கும் அது. உட்கரு இன்மையால் அது தன்னைப் புதுப்பித்துக் கொள்ளவோ, இரண்டாகப் பெருகவோ இயலாது. ஏறக்குறைய 120 நாள் உழைத்து, மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைந்து போகின்றது. அதன் இரும்பு மட்டும் வீணாகாமல் மீண்டும் எடுத்தாளப்படும். மடிந்தவற்றுக்கு ஈடாக ஒவ்வொரு நொடியிலும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புதுச் செவ்வணுக்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. இவ்வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒரு கோடிக்கு மேல் பிறந்திருக்கும்.

இடையே கண்ட வெண்ணிற ஏட்டில் இரு வகையுண்டு. வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளோடு பொருவன. கன மில்லிமீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கும். தட்டணுக்கள் அவற்றினும் மிகச் சிறியன. குழாயில் உடைப்பு நேர்ந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பன. பிளாஸ்மாவிற் கரைந்துள்ள பைப்ரினோஜன் என்னும் புரதம் நூல்நூலாகத் திரிந்து அவ்வடைப்பின்மேல் வலை பின்னும். சவரக்கத்தி பட்ட காயம் சிறிது நேரத்தில் தானே நிற்பது இதனாலேயே.

இனி இருதயத்தைக் காண்போம். கைம்முட்டியளவான இத்தசைப் பையை ஒன்று என்று எண்ணுவது வழக்கம். உண்மையில் அது நடுச்சுவர் ஒன்றால் தடுக்கப்பட்டு ஒட்டி நிற்கும் இரண்டு இறைப்பு எந்திரங்களாகும். ஒவ்வொன்றிலும் மேலறை ஒன்று, கீழறை ஒன்று. உடம்பெங்கும் சுற்றிப் பிராணவாயுவைக் கொடுத்துக் கரியமிலவாயுவை ஏற்ற இரத்தம் வலப்புற மேலறைக்கு வந்து, கதவைத் திறந்து வலக் கீழறையில் இறங்கும். அவ்வறை சுருங்க, நுரையீரலுக்குச் செல்லும். அங்கே காற்றினால் தூய்மையுற்று இட மேலறைக்குத் திரும்பும். அங்கிருந்து இடக் கீழறைக்கு வந்து, பெருந்தமனி வழியாக உச்சி முதல் உள்ளங்கால் வரை செலுத்தப்படும். வலக் கீழறை அடுத்துள்ள நுரையீரல் மட்டும் தள்ளினாற் போதும். இடக் கீழறையோ உடம்பு முழுதும் தள்ளவேண்டும். ஆதலின் இதன் சுவர் அதனினும் ஏறக்குறைய மும்மடங்கு தடித்தது. கதவுகள் நான்கும் ஒருபுறமே திறப்பன. மருத்துவர் மார்பிற் குழாய் வைத்துக் கேட்கும் ‘லப், டப்’ என்னும் ஓசை இக்கதவுகள் மூடுதலால் எழுவதே. பெருந்தமனி புறப்பட்ட இடத்திலேயே இரண்டு சிறு கிளைகள் பிரிந்து இருதயத்தின் தசைக்கே உணவு கொண்டு செல்லும். இவை அடைபட்டாற் கேடு பெரிது.

இவ்விடத்துச் சொற்பற்றி ஒன்று கூறவேண்டும். பள்ளிப் புத்தகங்களில் இருதயத்திலிருந்து புறப்படும் குழாயைச் ‘சுத்த இரத்தக் குழாய்’ என்றும், இருதயத்துக்குத் திரும்பும் குழாயை ‘அசுத்த இரத்தக் குழாய்’ என்றும் எழுதும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இது மாணவரை மயக்குவது. இருதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்வது தமனியே. ஆயினும் அதில் ஓடுவது ‘அசுத்த’ இரத்தம். அங்கிருந்து திரும்புவது சிரையே; அதில் ஓடுவது சுத்த இரத்தம். குழாயின் பெயர் ஓடும் திசை பற்றியதன்றி ஓடும் பொருள் பற்றியதன்று. தமனி, சிரை என்னும் சொற்களும், யாழ்ப்பாணத்தார் ஆளும் நாடி, நாளம் என்னும் சொற்களும் இக்குற்றத்துக்கு ஆளாகாதன. 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் போன்றோர் இத்தகைய சொல்லாராய்ச்சியில் எத்துணை உழைத்திருத்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இச்சுழற்சியை முன்னோர் அறியாதிருந்தமை எங்ஙனம்? கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் கிரேக்க மருத்துவர் பேரறிஞர். தமனிகளில் இருப்பது காற்றன்று, இரத்தமே என்று காட்டியவர் அவரே. ஆனால், உண்ட உணவு கல்லீரலில் இரத்தமாகி, உடம்பெங்கும் பரந்து, சென்ற இடங்களிலேயே செலவாகிவிடுகின்றது என்று அவர் கொண்டார். வயலிற் பாய்ந்த நீரை நிலம் உண்பது போல என்க. இருதயத்தின் நடுச்சுவரிற் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்றும் அவர் சொன்னார். 1242-இல் இப்னு அன்-நபீஸ் என்னும் அரபு மருத்துவர் அத்துளைகள் இல்லை என்றும், இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் அடைகின்றது என்றும் எழுதினார். அவ்வேடு 1924 வரை உலகத்தார் கண்ணிற் படாமற் கிடந்தது. 1553-இல் மிகேல் செர்வேத்தஸ் என்னும் ஸ்பானியரும் நுரையீரல் வழியைக் கூறினார். அவர் அதனை எழுதியது வேதசாஸ்திர நூல் ஒன்றில்! அந்நூலின் சமயக் கொள்கைக்காக அவர் அவ்வாண்டிலேயே ஜெனீவாவில் எரிக்கப்பட்டார்.

ஆங்கிலேயராகிய வில்லியம் ஹார்வி 1628-இல் வெளியிட்ட சிறு இலத்தீன் நூல் இவ்வழக்கைத் தீர்த்தது. அவர் கையாண்ட கருவிகளுள் தலையாயது எளிய பெருக்கற் கணக்கே. ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் இரத்தமே இருதயத்தை விட்டு வெளியேறுவதாகக் கொள்வோம். அரைமணி நேரத்தில் இருதயம் ஆயிரம் முறைக்குக் குறையாது துடிக்கும். அப்படியாயின் 500 அவுன்ஸ் இரத்தம் வெளியேறல் வேண்டும். ஓர் உடம்பில் உள்ள இரத்தம் முழுதையும் திரட்டினாலும் இவ்வளவு இராது. அரைமணியில் இதனை ஆக்குதற்கு வேண்டிய உணவை எவர் உண்பார்? ஆதலின் சென்ற இரத்தமே திரும்பி வருதல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அவர் கொண்ட அளவு குறைந்தது. இன்றைய கணக்கில் ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். உடம்பிலுள்ள இரத்தம் முழுதும் நிமிடத்துக்கு ஒரு முறை சுற்றி வந்துவிடுகின்றது!

பாதுவாவில் ஹார்வியின் ஆசிரியராயிருந்த பப்ரீசியஸ் சிரைகளில் சிறு கதவுகள் இருத்தலை முன்பே கண்டிருந்தார்; அவற்றின் பயனை உணர்ந்திலர். ஹார்வி அதனைக் காட்டிய முறையை இதனைப் படிப்போர் தம் கையிலேயே செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையிற் புடைத்த சிரை ஒன்றை ஒரு விரலால் அழுத்துக. மற்றொரு விரலால் அவ்விடத்திலிருந்து முழங்கை நோக்கி, சிரையில் முடிச்சுப்போல் தோன்றும் இடத்தைக் கடந்து தடவுக. பின் தடவிய விரலை எடுத்தாலும், மேலுள்ள இரத்தம் முடிச்சைத் தாண்டிக் கீழே வாராது; இடைப்பகுதி வெறுமையாகவே நிற்கும். அழுத்திய முதல் விரலை எடுத்தவுடன் கீழிருந்து நிரம்பும். இரத்தம் திரும்பிச் செல்லும் திசை இதனால் விளங்கும்.

தமனியிலிருந்து சிரைக்கு இரத்தம் புகும் வாயில் எது என்பதை மட்டும் ஹார்வி கண்டிலர். அவர் 1657-இல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், இத்தாலியராகிய மால்பீகி தவளையின் நுரையீரலை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி, மயிரினும் நுண்ணிய தந்துகிகளைக் கண்டறிந்தார். சுழற்சியின் அறுந்த கண்ணி பொருந்திற்று.

காலென் பிழையும் நம்மவர் பிழையும் ஒன்றற்கொன்று எதிரானவை. இரத்தம் கணந்தோறும் புதிதாய் ஆகிச் செலவாகின்றது என்றார் காலென். என்றும் உள்ளது ஒரே கையிருப்பு என்பர் நம்மவர். உண்மையோ இடைப்பட்டது. ஓடுவது ஓடியதே, ஆயினும் அதன் அணுக்கள் நாள்தோறும் மாறிக்கொண்டே இருக்கின்றன. கொடாதார் உடம்பிலும் இன்றுள்ள செவ்வணுக்கள் நான்கு திங்களுக்குப்பின் இரா. இறைத்த கிணறு ஊறும் என்னும் பழமொழி இங்கு முற்றும் பொருந்தும். ஊற்றுக்கு வேண்டும் காலத்தை அளித்தல் வேண்டும் என்பதொன்றே நிபந்தனை.

அக்காலத்தைச் சட்டமே வரையறுத்துள்ளது. இந்தியாவில் 18 முதல் 65 வயதுக்குட்பட்டு, 45 கிலோவுக்குக் குறையாத நிறையும், நூறு மில்லிலிட்டருக்கு 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உடைய நலமுள்ளோர் கொடுக்கலாம். ஒரு முறைக்கு எடுப்பது 350 மில்லிலிட்டர். 55 கிலோவுக்கு மேற்பட்டோரிடம் 450 வரை எடுப்பதுண்டு. அடுத்த முறைக்கு ஆடவர் 90 நாளும் மகளிர் 120 நாளும் பொறுத்தல் வேண்டும். 1996-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, 1998 சனவரி முதல் இரத்தத்தை விலைக்குப் பெறுதல் தடுக்கப்பட்டது. எனவே இன்று நோயாளிக்கு ஏறும் இரத்தம் யாவும் எவரோ ஒருவர் விலையின்றிக் கொடுத்ததே.

யார் இரத்தம் யாருக்குப் பொருந்தும் என்பதை முதலில் ஆராய்ந்தவர் வியன்னாவில் வாழ்ந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர். 1901-இல் அவர் வெளியிட்ட வகைப்பாடே ஏ, பி, ஓ என இன்று வழங்குவது. இதற்காக 1930-இல் நோபெல் பரிசு பெற்றார். ஓ வகையினர் என்று தோன்றியும் ஓ வகை இரத்தத்தையும் ஏற்காத அரிய வகையொன்று 1952-இல் நம் நாட்டில் அறியப்பட்டது. கண்ட ஊரின் பெயரால் அது பம்பாய் வகை எனப்படும்.

கொடுத்த இரத்தம் பெரும்பாலும் அப்படியே ஒருவருக்கு ஏற்றப்படுவதில்லை. முன்னர்க் கண்ணாடிக் குழாயிற் கண்ட அம்மூன்று படிவுகளும் சுழல் எந்திரத்தால் வேறு வேறாகப் பிரிக்கப்படும். செவ்வணுக்கள் குளிர்பெட்டியில் ஆறு வாரம் வரை நிற்கும். பேறுகாலத்தில் இரத்தம் இழந்த தாய்க்கு அவை பயன்படலாம். பிளாஸ்மா உறைபனியில் ஓராண்டு இருக்கும். தீக்காயமுற்றார்க்கு அது வேண்டியிருக்கும். தட்டணுக்களுக்கு வாழ்நாள் ஐந்து நாளே. புற்றுநோய்க்கு மருந்துண்ணும் குழந்தை ஒன்று அவற்றுக்குக் காத்திருக்கலாம். இம்மூவரும் ஒருவரையொருவர் அறியார். கொடுத்தவர் உடம்பிலோ, குறைந்த நீர் ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். செவ்வணுக்கள் சில வாரங்களில் பழைய எண்ணிக்கையை எய்தும்.