ஊசல் ஏன் ஆடவில்லை?

மாணவர்களே, தனி ஊசலின் அலைவைத் திரையில் காட்டும் நிரல் ஒன்றை சி ஷார்ப் மொழியில் நீங்கள் எழுதியிருப்பதாகக் கொள்வோம். உங்கள் கணிப்பொறியில் அது நன்றாக ஓடுகிறது. அளவோ சில நூறு கிலோபைட்டுகள்தாம். அதைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று நண்பனின் பழைய கணிப்பொறியில் இயக்குகிறீர்கள். ஊசல் ஆடவில்லை. தேவையான டாட் நெட் பதிப்பு இல்லை என்ற செய்திதான் தோன்றுகிறது. நிரலில் பிழையில்லை, பின் குறை எங்கே?

நிரல் ஏன் அவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். சன்னல் வரைவது, கோப்பைப் படிப்பது, நினைவகம் ஒதுக்குவது ஆகியவற்றை நீங்கள் எழுதவில்லை. மைக்ரோசாஃப்ட் 2002இல் முதன்முதலாக வெளியிட்ட டாட் நெட் ஃப்ரேம்வொர்க் என்னும் பொதுத் தொகுப்பு அவற்றைச் செய்கிறது. இத்தகைய தொகுப்பை ரன்டைம் என்பர். இது ஊர்ப் பொதுப் பாத்திரம் போன்றது. கல்யாண வீட்டார் ஒவ்வொருவரும் அண்டா வாங்க வேண்டியதில்லை. ஆனால் சமையற்காரர் கேட்கும் அளவு அண்டா பொது அறையில் இருக்க வேண்டுமே!

இருக்கிறதா என்று பார்ப்பது நிரலை நிறுவித் தரும் இன்ஸ்டாலரின் வேலை. அது எளிதன்று. 2010இல் வந்த 4ஆம் பதிப்பை அகற்றி, 2012இல் 4.5 அதே இடத்தில் அமர்ந்தது. பின்வந்த 4.6, 4.7, 4.8 ஆகியவையும் அப்படியே. எது இருந்தாலும் கோப்புறையின் பெயரில் 4.0.30319 என்ற எண்ணே காணப்படும்! ஆகவே விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ‘ரிலீஸ்’ என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். 4.5க்கு அது 378389. 4.8க்கோ சில விண்டோஸ்களில் 528040, வேறு சிலவற்றில் 528049. ‘528040க்குச் சமமா?’ என்று கேட்கும் இன்ஸ்டாலர், இருப்பதையே இல்லை என்றுவிடும். ‘528040 அல்லது அதற்கு மேலா?’ என்று கேட்பதே சரி. கணக்கில் சமக்குறியை அவசரமாகப் போடுவோர் இதைக் கவனிக்க!

உண்மையிலேயே இல்லையென்றால் தொகுப்பை நிறுவ வேண்டும். அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவை. பள்ளிக் கணிப்பொறியில் அது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் 4.5ஐ நிறுவவே இயலாது.

2016இல் வந்த டாட் நெட் கோர் வேறு வழி காட்டியது. அதில் பல பதிப்புகள் அருகருகே இருக்கலாம். நிரல் தன் ரன்டைமைத் தன்னோடு சுமந்தும் செல்லலாம். 2019இல் சன்னல் நிரல்களுக்கும் இவ்வசதி வந்தது. சமையற்காரர் பாத்திரத்தோடு வந்துவிடுகிறார்! நிரலின் அளவுதான் பல பத்து மெகாபைட்டாகப் பெருகும்.

அளவைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. பொது அண்டாவுக்கு ஒருமுறை ஈயம் பூசினால் எல்லா வீட்டுக்கும் போதும். பொதுத் தொகுப்பில் பாதுகாப்புக் குறை தெரியவந்தால், விண்டோஸ் அப்டேட் அதைத் திருத்திவிடும். அதை நம்பியிருக்கும் எல்லா நிரல்களும் பயன் பெறும். உங்கள் நிரல் சுமந்து சென்ற தொகுப்பையோ நீங்கள்தாம் புதுப்பித்து, நிரலைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் மீண்டும் அனுப்ப வேண்டும். பத்து நண்பர்களுக்கான ஊசல் நிரல் என்றால் நான் சுமந்து செல்லும் வழியையே கொள்வேன். முன்பின் அறியாத ஆயிரம் பேருக்குப் போகும் நிரலானால், பொதுத் தொகுப்பையே நம்புவேன். இன்ஸ்டாலரை எழுதத்தான் கூடுதலாகச் சில நாள் பிடிக்கும்.