துக்கவீட்டில் ஒழுகும் முறை

கரவெட்டியிலே ஒருவர் சிவபதமடைந்தால், அவ்வீட்டில் அடுப்பு மூட்டுதல் இல்லை. அயலவரும் உறவினருமே சமைத்துக் கொணர்ந்து உண்பிப்பர். துயருற்றோர் தம் பசியை மறப்பர். ஆதலின் அதனைப் பிறர் நினைத்தல் வேண்டும் என்பதே இவ்வழக்கின் கருத்து.

முன்னாளிலே பிரேதம் பெரும்பாலும் அன்றேனும் மறுநாளேனும் சுடலைக்குச் சென்றது. 1983ஆம் ஆண்டின் பின் நம்மவர் பலர் கனடா, இலண்டன் முதலிய இடங்களிற் குடியேறினர். ஆகவே இக்காலத்திலே, மருந்தேற்றிய பிரேதத்தைப் பிள்ளைகள் வந்துசேருமளவும் சில நாள் வைத்திருத்தல் உண்டு. ஒருநாட் கடன் பலநாட் கடனாயிற்று. முதனாளிலே கூட்டம் பெரிது. மூன்றாநாளிலோ கணவனை இழந்த முதியவள் தனித்திருப்பாள். அயலாரன்பு அறியப்படுவது அந்நாளிலேயாம்.

கிரியையிற் சுண்ணமிடிக்கும்போது ஓதப்படும் திருப்பொற்சுண்ணப் பாடல்கள் 20உம் ஒப்பாரியல்ல. இறைவன் ஆடுதற்குப் பொற்சுண்ணம் இடிக்கும் மகளிர் மகிழ்ந்து பாடுவனவாம். உயிர் இறைவனைச் சேர்தலை நோக்கி அவற்றை ஓதுகின்றோம். அதுபற்றி, அழுவாரை அழவேண்டாமென்று தடுத்தல் தகாது. அழுகை அன்பின் வழியது; ஓதல் அவ்வன்புக்கு ஊன்றுகோல்.

ஆதலால், ஆசிரியர்கள் அப்பாடல்களைப் பொருளுடன் மாணாக்கருக்குக் கற்பிக்கக்கடவர். காத்திருக்கும் நாள்களில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தல், உரக்கப் பேசாதிருத்தல், முதியோரருகே அமர்ந்திருத்தல் என்னும் மூன்றையும் பழக்குக. மூன்றாநாளிலே தாமும் மாணாக்கருடன் அவ்வீட்டுக்குச் செல்க.