ஸ்லைடில் அசையும் படம்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலின் விசைத்தறியைக் குறித்து ஸ்லைடு காட்டிப் பேசப் புகுவோன், தறியின் உறுப்புகளை நிழற்படங் கொண்டே விளக்கிவிடலாம். ஆயின், பாவு நூல்கள் மேலும் கீழுமாய்ப் பிரிய, நாடா ஊடையை ஏந்தி அவற்றினூடே பாய்ந்து மீளும் விரைவைத் தறி காணாத மாணாக்கனுக்கு எந்நிழற்படமும் உணர்த்தாது. வீடியோவுக்குரிய இடம் அதுவே. கோயிற் கோபுரத்துக்கு வீடியோ எதற்கு? கோபுரம் அசைவதில்லையே!

பவர்பாயிண்டில் ‘இன்சர்ட்’ பகுதியிலுள்ள ‘வீடியோ’வைத் தெரிந்து, கணினியிலுள்ள கோப்பைச் சுட்டின், அது ஸ்லைடில் அமரும். ஈண்டு ஒன்று கருதத்தக்கது. விண்டோஸுக்குரிய 2010-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னர், அம்மென்பொருள் வீடியோவைத் தன்னுட் கொள்ளாது, அஃது இருக்குமிடத்தை மட்டுமே குறித்துக்கொண்டது. ஆதலின் ஸ்லைடுகளை மாத்திரம் பென் டிரைவில் கொணர்ந்தோர் அவைமுன் படம் ஓடாது திகைத்தனர். அப்பதிப்பு முதல் வீடியோவை உள்ளேயே பொதிந்து வைக்கலாம். கோப்பு பருக்கும், அவ்வளவே. இன்றும் ‘லிங்க்’ முறையை விரும்புவோர் இரண்டையும் ஒரே கோப்புறையில் இட்டுக் கொண்டு செல்க.

எம்.பி.4 வடிவம் பெரும்பாலும் தடையின்றி ஓடும். ‘ட்ரிம்’ கொண்டு முன்னும் பின்னும் களைந்து, நாடா ஓடும் பத்து நொடிகளை மட்டும் நிறுத்துக. தறியோசை பேசுவோன் குரலை விழுங்கிவிடும். எனினும் ஒருமுறை அதனைக் கேட்பித்து, பின்னரே ஒலியடக்கி விளக்குதல் நன்று. நெசவாளர் நாள்முழுதும் கேட்பது அவ்வோசையன்றோ?