கோடியக்கரைக்குக் கிளம்புமுன்

பூநாரை பார்க்க ஆசையா? டிசம்பர், ஜனவரிதான் பருவம். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வழியாகப் போனால் வடுவூர் ஏரி குறுக்கிடும். கரையில் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போகலாம்.

வேதாரண்யத்திலேயே இரவு தங்கிவிடுவது நல்லது. விடிந்ததும் தெற்கே கோடியக்கரைச் சாலையில் மெதுவாகப் போங்கள். உப்பளமும் சதுப்பும் மேற்குப் பக்கம். காலை வெயில் முதுகுப் பக்கம் விழுவதால் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் போனால் எல்லாம் கறுப்பு நிழல்தான்.

காரை விட்டு உடனே இறங்காதீர்கள். நின்ற வண்டியைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. கதவு படாரென்று சாத்தும் சத்தம்தான் கூட்டத்தையே கிளப்பிவிடும். இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, அதன் விளிம்பில் பைனாகுலரைத் தாங்கிப் பாருங்கள். 8x42 போதும். பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து இரை சலிப்பதை அவசரமில்லாமல் ரசிக்கலாம். உள்ளான்களைப் பெயர் சொல்லிப் பிரிக்க முயன்று முதல் நாளே மண்டை காய வேண்டாம். கரண்டிவாயன் எளிது; அலகே காட்டிக்கொடுத்துவிடும்.

சேற்றில் கால் வைக்காதீர்கள், மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே வாங்கும்.

கோடியக்கரை 1967-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம். வனத்துறை அனுமதி பெற்றே உள்ளே போக வேண்டும். வெளிமான்களையும் பார்க்கலாம். தின்பண்டப் பையைக் குரங்கு கண்ணில் காட்டாதீர்கள். குடிதண்ணீரை வேதாரண்யத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.