கொடையாளர் பட்டியலும் நம்முடைய அமானத்தும்



ரஜப் பிறை பிறந்துவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் பழைய ரசீதுப் புத்தகங்களை அலமாரியிலிருந்து இறக்குவது வழக்கம். சில ஆண்டுகளாக ரமலானும் மார்ச் மாதமும் ஒட்டியே வருவதால், ஜகாத் வசூலும் ஆண்டுக் கணக்கு முடிப்பும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. ஆகவே அதற்கு முன்பே, பெருந்தொகை தரும் கொடையாளர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறோம்.

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு சகோதரர் எங்களைப் பிடித்துக்கொண்டார். "ஏன் பாய், பணக்காரங்களை மட்டும் தனியாப் பட்டியல் போட்டுப் பார்க்கிறீங்களாமே? நாங்க கொடுக்கிற நூறு இருநூறு கணக்கிலே வராதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அங்கே நின்றபடி சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இந்த இதழின் பாடப் பகுதியை இதற்கென்று எடுத்துக்கொண்டோம்.

முதலில் அடிப்படை. சூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் ஜகாத் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எட்டு வகையினரைக் குறிப்பிடுகிறது. இது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே சூராவின் 103ஆம் வசனத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அது ஜகாத்தை வாங்குபவரைப் பற்றியது. செல்வத்திலிருந்து தர்மத்தை எடுத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிடும் அந்த வசனம், கொடுத்தவர்களுக்காகப் பிரார்த்திக்கும்படியும் கூறுகிறது. அந்தப் பிரார்த்தனை அவர்களுக்கு மன அமைதி தரும் என்றும் சொல்கிறது. அபூ அவ்ஃபா (ரலி) தம் தர்மத்தைக் கொண்டுவந்தபோது, அவருடைய குடும்பத்தாருக்கு அருள்புரியும்படி நபியவர்கள் துஆச் செய்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. அதை அறிவித்தவர் அவருடைய மகனார் அப்துல்லாஹ் (ரலி). தந்தைக்குக் கிடைத்த துஆவை மகன் நினைவில் வைத்திருந்து பிறருக்குச் சொல்லியிருக்கிறார்.

இதை வைத்து எங்களையே கேட்டுக்கொண்டோம். நம் அறக்கட்டளைக்குத் தந்தவர் எவருடைய பிள்ளையாவது, "எங்க அத்தா கொடுத்தப்போ அவங்க இப்படி துஆச் செய்தாங்க" என்று நினைவுகூரும்படி நாங்கள் எப்போதாவது நடந்திருக்கிறோமா? ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகும் அவசரத்தில்தான் எங்கள் ரமலான் கழிந்திருக்கிறது.

சகோதரரின் கேள்விக்கும் அதே சூராவில் பதில் இருக்கிறது. தர்மம் செய்யும்படி ஏவப்பட்ட காலத்தில், கூலிக்குச் சுமை தூக்கிச் சம்பாதித்த ஸஹாபாக்கள் இருந்தார்கள். அபூ அகீல் (ரலி) அரை ஸாவு கொண்டுவந்தார். இன்னொருவர் அதைவிட அதிகம் கொண்டுவந்தார். நயவஞ்சகர்கள் இருவரையுமே விடவில்லை. முன்னவரின் அரை ஸாவு அல்லாஹ்வுக்குத் தேவையா என்று கேலி செய்தார்கள். பின்னவர் முகஸ்துதிக்காகக் கொடுக்கிறார் என்று குறை சொன்னார்கள். இதையொட்டி இறங்கியதே 79ஆம் வசனம். சிறிது கொடுப்பவரை அற்பமாக எண்ணுவது தவறு என்பது எல்லோருக்கும் எளிதில் புரிகிறது. நிறையக் கொடுப்பவரின் நிய்யத்தைச் சந்தேகிப்பதும் அதே நோய்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பெருந்தொகையாளர் பட்டியலைத் தனியாகப் பார்ப்பதற்குக் காரணம் அவர்களுடைய அந்தஸ்து அன்று. ஒருவரின் ஜகாத் முழுவதும் நம் கையில் வந்து சேரும்போது, அதில் நாம் செய்யும் ஒரு பிழை அவருடைய அந்த ஆண்டின் ஃபர்ளையே பாதிக்கும் என்பதுதான் காரணம்.

அப்படி ஒரு பிழை நடந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை எழுதினால் ஏமாற்றுவதாகும்.

கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் பல ஆண்டுகளாகத் தம் ஜகாத்தின் பெரும்பகுதியை நம்மிடம் தந்துவந்தார். இரண்டு ரமலானாக அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வியாபாரம் மந்தம் என்று நாங்களாகவே முடிவுகட்டிவிட்டோம். சென்ற ஆண்டு பட்டியலைப் பார்க்கையில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு விவரங்களை எழுதலாம் என்று நிர்வாகக் குழுவில் ஒரு தம்பி யோசனை சொன்னார்: என்ன தந்தார், எந்த நிய்யத்தில் தந்தார், எதற்குச் செலவானது, செலவானதை அவருக்கு எப்போது தெரிவித்தோம். முதல் பத்தி நிறைந்தது. இரண்டாவது பாதி நிறைந்தது. நான்காவது பத்தியில் எவர் பெயருக்கு நேரேயும் எழுத ஒன்றும் இல்லை.

ரசீதுப் புத்தகம் இல்லாமல் ஹாஜியாரைப் பார்க்கப் போனோம். தேநீர் வரவழைத்தார். வெகுநேரம் ஊர்ப்பேச்சு பேசிவிட்டு, கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "நூலகத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டினீங்களே, அது ரமலான் வசூல்லே கட்டினதுன்னு உங்க ஆள் ஒருத்தரே சொன்னார். ஜகாத் சுவருக்கு ஆகுமா? அன்னைக்கே கேட்டிருக்கலாம். கேட்டா மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்."

"இல்லை ஹாஜியார், சுவர் லில்லாஹ் தொகையிலே கட்டினது" என்று உடனே சொல்லிவிட்டோம். சொல்லிவிட்டு வந்தபின்தான் அதை எங்களால் நிரூபிக்க முடியுமா என்ற பயம் பிடித்தது. ஜகாத், ஸதகா, லில்லாஹ் எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில், ஒரே பேரேட்டில் இருந்தன. இரண்டு இரவுகள் உட்கார்ந்து ரசீதுகளையும் வவுச்சர்களையும் பிரித்தோம். கொத்தனாருக்குக் கொடுத்த கடைசித் தவணை சமயத்தில் லில்லாஹ் இருப்பு தீர்ந்துபோயிருந்தது. மீதி ஜகாத்திலிருந்துதான் போயிருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கணக்கில் பணம் இருந்தது, காசோலை எழுதப்பட்டது, அவ்வளவுதான்.

நம் மதரஸா ஹஜ்ரத்திடம் போய் உள்ளதைச் சொன்னோம். ஜகாத்தை உரியவருக்கு உடைமையாக்கிக் கொடுக்க வேண்டும். சுவர் யாருக்கும் உடைமையாகாது என்றார்கள். நாம் கொடையாளரின் வக்கீல்கள் என்பதால், திசைமாறிய தொகைக்கு நாமே பொறுப்பு. அதைத் திரும்ப வைத்து ஏழைகளிடம் சேர்க்கவும் வேண்டும், கொடுத்தவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும் என்றார்கள். லில்லாஹ் நிதியில் இருந்தது போதவில்லை. மீதியை நிர்வாகக் குழுவினர் தம் கையிலிருந்து போட்டார்கள். பிறகு ஹாஜியாரிடம் மறுபடி போய், முன்பு சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டோம். ஐம்பது வயதுக்குமேல் அந்தக் கடைப்படி ஏறியது போன்ற கனம் வேறெதிலும் இருந்ததில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த ரமலானில் வழக்கமான தொகையில் பாதி அனுப்பியிருந்தார். பாதிதான். அது சரிதான் என்றே நினைக்கிறோம்.

இப்போது ஜகாத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனிப் பேரேடு. ரசீதிலேயே ஜகாத், ஸதகா, லில்லாஹ் என்று தனித்தனிக் கட்டங்கள். கட்டத்தில் குறியிடாமல் பணம் வாங்குவதில்லை. அலுவலகச் செலவையும் பணியாளர் சம்பளத்தையும் லில்லாஹ்விலிருந்தே எடுக்கிறோம்.

கணக்குக் கேட்பது கொடையாளரின் உரிமை. துஆவும் அவருடைய உரிமை. ஆனால் பட்டியலைப் பார்க்கும்போது வேறு சில எதிர்பார்ப்புகளும் தென்பட்டன. ஒருவர் தம் ஜகாத்திலிருந்து தம் கடைப் பணியாளருக்கு நம் கையால் பெருநாள் போனஸ் கொடுக்கச் சொன்னார். பணியாளர் ஏழையாக இருந்தால் ஜகாத் கொடுக்கலாம். கொடுக்க வேண்டிய கூலியை ஜகாத்தாக மாற்ற முடியாது. இன்னொருவர் தம் மகளுடைய மாமியார் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி, மகளின் பெயரையே பயனாளிப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் தம் ஜகாத்தைக் கொடுக்க முடியாது. அது நம் வழியாகச் சுற்றிவந்தாலும் அப்படித்தான். இரண்டு இடத்திலும் முடியாது என்று சொன்னோம். ஒருவர் புரிந்துகொண்டார். மற்றவர் வேறு இடத்தில் கொடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கொடையாளரையும் வாங்கும் பெண்மணியையும் நிறுத்திப் படம் எடுப்பதை நிறுத்தியிருக்கிறோம். செய்த தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் வீணாக்கிவிடாதீர்கள் என்ற கருத்து சூரத்துல் பகராவின் 264ஆம் வசனத்தில் இருக்கிறது. கொடையாளர் சொல்லிக்காட்டாவிட்டாலும் நம் சுவரொட்டி சொல்லிக்காட்டிவிடுகிறது.

எங்களைப் பற்றியும் ஒரு விஷயம். பனூ சுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பிவந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துச் சொன்னார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தம் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்ற கருத்தில் கண்டித்தார்கள். இந்த ஹதீஸை நாங்கள் மதரஸாவில் ஓதியவர்கள். அப்படியிருந்தும், ஒவ்வொரு ரமலானிலும் சில கொடையாளர் வீடுகளிலிருந்து செயலாளருக்கென்று வரும் பேரீச்சம்பழப் பெட்டியையும் சட்டைத் துணியையும் வாங்கிக்கொண்டுதான் இருந்தோம். இனி அவை அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டில் ஏறும். துணி தேவையுள்ளவருக்குப் போகும். பழம் பள்ளிவாசல் இஃப்தாருக்கு. அனுப்புபவர்கள் வருத்தப்பட வேண்டாம்.

அரசாங்கக் கணக்கு விஷயம் சுருக்கமாக. நம் கல்வி, மருத்துவ நிதிக்கு நன்கொடை தருபவர்களில் வருமான வரிக் கழிவு கோருகிறவர்கள் இருக்கிறார்கள். 80ஜி கழிவுக்கு 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை ரொக்கமாக இருக்கக்கூடாது. மே 31க்குள் நாங்கள் 10பிடி படிவத்தைத் தாக்கல் செய்து, அதன்பின் 10பிஇ சான்றிதழை உங்களுக்குத் தரவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ஒருமுறை ஒருவரின் பான் எண்ணில் ஓர் எழுத்து மாறி அவர் அலைய நேர்ந்தது; எங்கள் தவறு. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த தனிநபருக்கு இந்தக் கழிவு கிடையாது என்பதையும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கும் இதைச் சொல்லுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுடன் துபாயிலோ ரியாத்திலோ வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதை நாங்கள் வாங்கலாம். சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது, அவர் இந்த ஊர்க்காரரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதற்குரிய பதிவு நம்மிடம் இல்லை. "தம்பி கணக்கிலே போட்டு அவன் பேர்லே தர்றேன்" என்றும் கேட்கிறார்கள். அதுவும் வேண்டாம். சொந்தபந்தங்களின் கஷ்டத்துக்கு அவர்கள் நேரடியாகவே உதவட்டும்.

பட்டியலைப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நம் மருத்துவ நிதியின் பெரும்பகுதி மூன்று குடும்பங்களின் கையில் நிற்கிறது. அதில் ஒரு குடும்பத்தின் கடை இந்த ஆண்டு மூடப்பட்டுவிட்டது. முன்பாக இருந்தால் வழக்கம்போல ரமலான் முதல் பத்தில் ரசீதுப் புத்தகத்துடன் அவர் வாசலில் நின்றிருப்போம். அவரும் மானத்துக்கு அஞ்சிக் கடன் வாங்கியாவது கொடுத்திருப்பார். இம்முறை முன்கூட்டியே விசாரித்ததில், சரக்குக்கு வாங்கிய கடனை அடைக்க வீட்டை விற்கும் பேச்சு நடப்பது தெரியவந்தது. தவ்பா 60இல் சொல்லப்படும் எட்டு வகையினரில் கடன்பட்டோரும் உண்டு. பல ஆண்டுகள் பிறருடைய டயாலிசிஸ் செலவுக்குக் கொடுத்தவர் இப்போது அந்த வரிசையில் வருகிறாரா என்று ஹஜ்ரத்திடம் மஸ்அலா கேட்டிருக்கிறோம். பெயரைத் தேடாதீர்கள். குழுவிலும் மூவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய இடத்தை நிரப்ப நான்காவது ஒரு பெரிய கொடையாளரைத் தேடுவதைவிட, மாதம் நூறு, இருநூறு தரும் வீடுகள் மஹல்லாவில் கூடினால் நிதி ஒருவரின் வியாபாரத்தில் தொங்கிக்கொண்டிருக்காது. பள்ளிவாசல் வாசலில் கேள்வி கேட்ட சகோதரர் இதற்கு முதல் பெயராகத் தம் பெயரைத் தந்திருக்கிறார்.

இன்ஷா அல்லாஹ் ஷஃபான் முதல் வாரத்திலிருந்து கொடையாளர்களின் வீடுகளுக்கு வருகிறோம். அந்தச் சந்திப்பில் பணம் கேட்க மாட்டோம். கொடுத்தாலும் வாங்க மாட்டோம். சென்ற ஆண்டு உங்கள் தொகை எதற்குச் செலவானது என்ற தாள் ஒன்றைத் தருவோம். அதில் பயனாளியின் பெயர் இருக்காது. வகையும் தொகையும் இருக்கும். அதில் பிழை கண்டால் அங்கேயே சொல்லுங்கள். பான் எண், கைப்பேசி எண் மாறியிருந்தால் அஸருக்குப் பின் அலுவலகத்தில் எழுதிக்கொடுங்கள். மாதச் சந்தாவுக்கான அட்டையும் அங்கேயே கிடைக்கும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்